எல்லோர் வீட்டிலும் ஒரு குதிர்

போன வாரம் கீர்த்தனா போன் செய்தாள். நான் விட்டுவிட்டு வந்த பள்ளிக்கூடத்தில், நான் விட்டுவிட்டு வந்த எட்டாம் வகுப்பை இப்போது மேய்ப்பவள். கோயம்புத்தூர்ப் பெண். கணவனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அவளுக்கு இந்த மராட்டிய ஊரில், ஔந்தில் எங்கள் வேலை.

"மேடம், உங்க பஞ்சம் ப்ராஜெக்டை இந்த வருஷம் மறுபடியும் பண்ணச் சொல்லியிருக்காங்க. லெசன் பிளான் இருந்தா அனுப்பிவிடுங்க மேடம்."

'உங்க பஞ்சம்' என்று அவள் சொன்ன விதத்தில், தாது வருஷத்து மழையை நான்தான் தடுத்து வைத்தேன் போலிருந்தது.

கூடவே பிள்ளைகள் எழுதியதையும் அனுப்பியிருந்தாள். இப்போதெல்லாம் வீட்டில் யாரையும் கேட்கவேண்டியதில்லையாம். 'பஞ்சத்தில் என் முன்னோர்' என்று தட்டினால் செயற்கை நுண்ணறிவு முன்னோரைத் தயாரித்துக் கொடுத்துவிடுகிறது. மீசை வைத்து, தலைப்பாகை கட்டி, கண்ணில் கருணையோடு. படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முன்னோரும் ஒரு காலைப்பொழுதில் எழுந்து, தன் வீட்டுத் தானியக் குதிரின் வாயைத் திறந்து, ஊருக்கே படியளந்திருந்தார். யந்திரத்தை நான் குறை சொல்லமாட்டேன். அது நம்மிடம்தானே படித்தது. நாங்கள் யந்திரம் இல்லாத காலத்திலேயே இதையெல்லாம் கையால் செய்தவர்கள்.

கீர்த்தனாவிடம் லெசன் பிளான் இல்லை என்று சொல்லிவிட்டேன். இருந்தது ஒரு பெண் எழுதிய ஒரு பக்கம். அதில் ஒரே ஒரு சொல்லைச் சேர்க்கலாமா கூடாதா என்று ஒரு பள்ளிக்கூடமும் ஒரு தகப்பனாரும் நானும் மல்லுக்கட்டினோம். அதைச் சொல்கிறேன்.

ஆசிரியப் பயிற்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. பாடக்குறிப்பின் தலையில் 'இவ்வகுப்பின் முடிவில் மாணவர்' என்று தொடங்கும் வாக்கியம் ஒன்று இருக்கவேண்டும். அதன் வாலில் ஒரு நல்ல வினைச்சொல் இருக்கவேண்டும். பஞ்சத்துக்கு நான் 'கலங்குவர்' என்று எழுதினேன். மேற்பார்வையாளர் அதை அடித்துவிட்டு 'போற்றுவர்' என்று போட்டார். பஞ்சத்தைப் போற்றப் பயிற்றுவிக்கப்பட்டு நான் ஆசிரியை ஆனேன். ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். அது யாருடைய விருப்பம் என்பது வேறு கட்டுரை.

பள்ளியில் ப்ராஜெக்ட் என்றால் என்னவென்று வெளியாருக்குச் சொல்லவேண்டும். ஆசிரியை திங்கட்கிழமை தலைப்பு கொடுப்பாள். பிள்ளை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதை அம்மாவிடம் சொல்லும். அம்மா ஸ்டேஷனரி கடைக்கு ஓடுவாள். கடைக்காரரிடம் எரிமலை, சூரியக் குடும்பம், சிவாஜி கோட்டை எல்லாம் தெர்மாகோலில் தயாராக இருக்கும். அப்பா பசை ஒட்டுவார், அம்மா மினுமினுப்புத் தூள் தூவுவாள், பிள்ளை உறங்கும். காலையில் கொண்டுவந்து வைத்தால் முதல் பரிசு. நான் பஞ்சத்தை எடுத்ததற்குப் பெரிய கொள்கை ஒன்றுமில்லை. கடைக்காரரிடம் பஞ்சம் ஸ்டாக் இருக்காது என்ற ஒரே நம்பிக்கைதான்.

இருந்தது. வெடித்த நிலம், ஒரு காய்ந்த மரம், இரண்டு பிளாஸ்டிக் மாடு. வறட்சி என்ற பெயரில் புவியியலுக்காக வைத்திருந்தாராம்.

பாடப்புத்தகத்தில் அந்தத் தாது வருஷப் பஞ்சம் ரயில் பாதைக்கும் தந்திக் கம்பத்துக்கும் நடுவே நாலு வரியாகப் படுத்திருந்தது. தமிழ்நாட்டையும் இந்தத் தக்காணத்தையும் ஒரே கையால் துடைத்த பஞ்சம். என் வகுப்பில் சென்னைப் பிள்ளைகளும் உண்டு, சதாராப் பிள்ளைகளும் உண்டு. பொதுவாக அவர்களுக்குள் இருந்த ஒரே சொந்தம் பாவ் பாஜி. இது இரண்டாவது சொந்தம் என்றேன். "பரீட்சைல வருமா மிஸ்?" என்று கேட்டார்கள். வராது என்றேன். அந்த நிமிஷம் பாதி வகுப்பு பஞ்சத்தைக் கடந்துபோய்விட்டது.

மீதி வகுப்போடு படித்தேன். ஜூலை மாதம். வெளியே முளா ஆற்றின் மேலும் கூரைத் தகரத்தின் மேலும் மழை அடித்துக்கொண்டே இருக்க, உள்ளே மழை வராத வருஷம். எங்கள் பக்கத்துக் கும்மிப் பாட்டு ஒன்றை நான் இந்தியிலும் ஆங்கிலத்திலும் உடைத்துச் சொன்னேன். மராட்டிப் பெண்கள் திரிகை சுற்றிக்கொண்டு பாடிய பாட்டு ஒன்றை மராட்டி டீச்சர் வந்து பாடிக்காட்டினார். நூலகத்திலிருந்து அந்தப் பஞ்ச காலத்து அதிகாரி ஒருவரின் அறிக்கையை நகல் எடுத்து வந்தேன். வேலை இதுதான்: மூன்றிலும் 'செத்தார்கள்' என்பது எங்கெங்கே வருகிறதோ அங்கெல்லாம் சிவப்பில் கோடு போடவேண்டும். பாட்டுகள் இரண்டும் சிவந்துவிட்டன. அறிக்கை வெள்ளையாகவே இருந்தது. அதில் யாரும் சாகவில்லை. 'நிலைமை கவனத்துக்கு வந்தது', அவ்வளவுதான். கும்மியில் தாலியை விற்றவள், அறிக்கையில் 'சில வகுப்பினர்' ஆகியிருந்தாள். பிள்ளைகள் அதைத் தாங்களே பார்த்தார்கள். என் வாழ்க்கையில் நான் நடத்திய உருப்படியான வகுப்பு அது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆராய்ச்சி வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"வீட்ல பெரியவங்களைக் கேளுங்க. ஊருக்குப் போன் பண்ணிக் கேளுங்க. அந்தப் பஞ்சத்துல உங்க குடும்பம் என்ன பண்ணுச்சு? ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க."

வந்தார்கள். சதாராக்காரர்களின் முன்னோர் நிலத்தடித் தானியக் குழியைத் திறந்தார்கள். தஞ்சாவூர்க்காரர்களின் முன்னோர் குதிர் திறந்தார்கள். குதிரே பார்த்திராத வங்கி மேலாளர் குடும்பங்களிலும் எப்படியோ ஒரு குதிர் முளைத்துத் திறந்துகொண்டது. அடுக்குமாடிக் குடியிருப்பின் சொசைட்டி செக்ரட்டரி ஒருவரின் மகன் அதர்வ் என்று இருந்தான். அவனுடைய முன்னோர் குழியைத் திறந்தது போதாதென்று யானை மேல் வைத்துத் தானியம் அனுப்பியிருந்தார். பக்கங்களை அடுக்கி வைத்துக்கொண்டு ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை பேர் வாரி வழங்கிய பஞ்சத்தில் யாருக்குத்தான் பசித்தது என்று விளங்கவில்லை.

அடுக்கின் அடியில் ஜனனியின் பக்கம் இருந்தது.

ஜனனியின் அப்பா முருகேசன் தாபோடியில் ராணுவப் பட்டறையில் சூப்பர்வைசர். தர்மபுரிப் பக்கம். அந்தப் பெண் வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். என்னால் முடிந்த தமிழில் தருகிறேன்.

'எங்கள் வீட்டில் குதிர் இருந்ததாகத் தாத்தாவுக்குத் தெரியாது. தாத்தாவின் பாட்டி அப்போது சிறு பெண். அவளும் அவள் அம்மாவும் தம்பியும் கஞ்சித் தொட்டிக்கு நடந்தார்கள். வாசலில் ஒருவர் எல்லோரையும், இன்று சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிடாதவர்களுக்குத்தான் உள்ளே இடம். அவள் காலையில் ஒரு கள்ளிப்பழம் தின்றிருந்தாள். சாப்பிட்டேன் என்று சொன்னாள். பொய் சொல்லக்கூடாது என்று அவள் அம்மா சொல்லியிருந்தார். மூன்று பேரையும் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் விட்டார்கள். மறுநாள் தம்பி இல்லை. அதனால் எங்கள் வீட்டில் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டோம். தட்டு வைப்போம்.'

அவ்வளவுதான். கீழே ஒரு படம்கூட இல்லை. மினுமினுப்புத் தூளும் இல்லை.

அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகிற வழியில் மூன்று பேர் என்னிடம் "சாப்டாச்சா?" என்று கேட்டார்கள். தமிழர்கள் இந்த ஊரில் சந்தித்துக்கொண்டால் அதைத்தானே முதலில் கேட்கிறோம். ஒவ்வொரு தடவையும் யாரோ வாசலில் என்னை நிறுத்தியதுபோல் இருந்தது.

பிரின்சிபால் ஜோக்லேகர் சாரைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அவர் யாரையும் திட்டியதில்லை, எதற்கும் மாட்டேன் என்றதில்லை. மேஜையில் பேனாவை எடுத்து விளிம்புக்கு நேராக வைப்பார். சரியாக இல்லை என்று மறுபடி எடுப்பார். பேனா நேராகும் வரை நாம் நிற்கவேண்டும். நேரானதும் "பாசிட்டிவ் க்யா ஹை இஸ்மே?" என்பார். இதில் நல்ல விஷயம் என்ன இருக்கிறது என்று அர்த்தம். பள்ளிச் சுவரில் எது தொங்கவேண்டுமானாலும் அந்தக் கேள்வியைத் தாண்டித்தான் தொங்கவேண்டும். பூகம்பத்தைப் பற்றிய படம் ஒன்று தொங்கியது. அதில் நல்ல விஷயம், மீட்புப் படையின் சீருடை.

குதிர்ப் பக்கங்களை அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். முகம் மலர்ந்தது. அந்த மாதக் கடைசியில் உணவுத் திருவிழா வருகிறதே, பஞ்சக் கண்காட்சியை அதோடு சேர்த்து வைத்துவிடலாம், பெற்றோர் எப்படியும் வருவார்கள் என்றார். தலைப்பும் அவரே சொன்னார்: 'கொடுத்து வாழ்ந்த குடும்பங்கள்'. ஒருபக்கம் பஞ்சம், மறுபக்கம் பானி பூரி. எனக்குத் தோன்றாமல் போனதே என்று வருத்தமாக இருந்தது.

பிறகு ஜனனியின் பக்கம். பேனா மேஜை விளிம்பில் வெகுநேரம் நேராகிக்கொண்டே இருந்தது.

"மேடம், நன்றாக எழுதியிருக்கிறாள். ஆனால் பாருங்கள், மற்ற பிள்ளைகளுக்கு நடுவில் இந்தப் பெண்ணுக்குத்தான் சங்கடம். ஒரே ஒரு சொல். 'கஞ்சித் தொட்டிக்கு நடந்தார்கள்' என்பதை 'கஞ்சித் தொட்டிக்கு உதவ நடந்தார்கள்' என்று போட்டுவிட்டால்?"

"அப்ப அந்த வாசல்ல கேட்ட கேள்வி, சார்?"

"அதை எடுத்துவிடலாம். இடம் மிச்சமாகும்."

ஒரே சொல். பசித்தவள் தொண்டர் படையில் சேர்ந்துவிட்டாள். தம்பி சாகவேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. இவ்வளவு சிக்கனமான நிவாரணத்தை அந்தக் காலத்து சர்க்கார்கூடச் செய்ததில்லை. சேர்க்கமாட்டேன் என்றேன். அவர் மறுக்கவில்லை. "பெற்றோர் சம்மதம் மட்டும் வாங்கிவிடுங்கள்" என்றார். மறுப்பதற்கு இதைவிட மரியாதையான வழி கிடையாது.

பெற்றோர் என்னை முந்திக்கொண்டார். முருகேசன் போன் செய்தார். "மேடம், ஒரு நட வீட்டுக்கு வர முடியுங்களா? ஸ்கூல்ல வெச்சுப் பேச ஒரு மாதிரியா இருக்குது."

தாபோடி வீட்டில் அட்டைப் பெட்டிகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. சிஞ்ச்வட்டில் பிளாட் வாங்கியிருந்தார்கள். அடுத்த வாரம் குடிபோகிறார்கள். அவர் மனைவி செல்வி வாங்க என்று சொன்னதோடு உள்ளே போய், தட்டில் மூன்று இட்லியும் சட்னியும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சாயங்காலம் ஐந்து மணி. நான் படித்த பக்கம் என் எதிரில் ஆவி பறக்க வந்து உட்கார்ந்திருந்தது. சாப்பிட்டேன்.

முருகேசன் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

"எங்கப்பனுக்கு வேற வேலை இல்லைங்க மேடம். புள்ள போன் பண்ணிக் கேட்டா எதையாவது சொல்லி வெப்பாரா? இத்தனை வருசம் என்கிட்டகூட இப்பிடி வெலாவாரியாச் சொன்னதில்ல."

"உண்மைதானேங்க?"

"உண்மைதானுங்க. யாரு இல்லைன்னா? ஆனா பாருங்க, புது பிளாட்ல செக்ரட்டரி யாருன்னா அந்த அதர்வ் பையனோட அப்பா. அவுங்க ஆனை மேல அனுப்பிச்சிருக்காங்களாம். நாங்க கஞ்சிக்கு நின்னோம்னு செவுத்துல தொங்கவிட்டா, நாளைக்கு லிப்டுல மூஞ்சியப் பாத்து எப்பிடிங்க நிக்கறது? நீங்களே ஒண்ணு பண்ணுங்க. எங்களுக்கும் ஒரு குதிரு இருந்துச்சு, தொறந்தோம்னு போட்டுடுங்க. சின்னதாவே போடுங்க."

"சின்னக் குதிரா?" என்று உள்ளேயிருந்து செல்வி கேட்டார். "போடறதுதான் போடறீங்க, பெருசாப் போடச் சொல்லுங்க. அதுலயே குடிபோனா புது வீட்டு வாடகையாச்சும் மிச்சமாகும்."

"நீ சும்மா இருடி. சொந்த வீட்டுக்கு என்ன வாடகை?"

ஜனனி கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். அதுவரை நான் அவள் குரலைச் சரியாகக் கேட்டதில்லை.

"அப்பா, வேணாம்னா பக்கத்தையே எடுத்துருங்க. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா மாத்தாதீங்க."

"ஏன் கண்ணு? ஒரு வார்த்தைதான?"

"அந்தப் பாட்டியும் ஒரு வார்த்தைதான்பா சொன்னாங்க."

எதிர்ச் சுவரில் காலண்டர் கழற்றிய இடம் வெளுப்பாகச் சதுரமாக இருந்தது. முருகேசன் அதைப் பார்த்தார். நான் சொன்னேன்: "அது தொங்கட்டும். கண்காட்சிக்கு வாங்க. எல்லாத்தையும் ஒரு தடவை படிங்க. படிச்சிட்டு எடுக்கச் சொன்னா, அந்த இடத்துலயே எடுத்துடறேன். சத்தியமா." அவர் தலையை ஆட்டினார். சம்மதமா, கழுத்து வலியா என்று தெரியவில்லை. நான் சம்மதம் என்று ஜோக்லேகர் சாரிடம் சொல்லிவிட்டேன்.

கண்காட்சி நாள். அரங்கத்தின் ஒரு பக்கம் முழுக்க வடா பாவ், பானி பூரி, தமிழ்ப் பெற்றோர் சங்கம் போட்ட தோசைக் கடை. மறுபக்கம் சுவர் நெடுக பஞ்சம். எலும்பும் தோலுமான ஓவியத்துக்குக் கீழே நின்று ஒரு குடும்பம் சேவ் பூரி தின்றுகொண்டிருந்தது. பிளாஸ்டிக் மாடு ஒன்றின் கொம்பில் யாரோ காகிதத் தட்டைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். மின்விசிறிக் காற்றில் முன்னோர்கள் எல்லோரும் படபடத்துக்கொண்டிருந்தார்கள், இந்தா இந்தா என்று கை நீட்டுவதுபோல்.

ஜனனியின் பக்கத்தை ஜோக்லேகர் சார் எடுக்கவில்லை. வரிசையில் கடைசியாக, கை கழுவும் இடத்துக்கு மேலே, குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் வைக்கச் செய்திருந்தார். சாப்பிட்டவர்கள் எல்லோரும் எப்படியும் அங்கே வருவார்களே என்றார். அதுவும் பாசிட்டிவ்தான்.

முருகேசன் சட்டையை இன் பண்ணிக்கொண்டு வந்தார். ஜனனி அவர் பின்னால். வாசல் பக்கத்தில் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். பட்டறையில் சரக்குப் பரிசோதிக்கிற மனிதர். ஒன்றையும் விடவில்லை. ஒரு குதிர் படித்தார், அடுத்த குதிருக்கு நகர்ந்தார். யானை முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றார். அதர்வின் அப்பா அங்கேயே ஒரு கையில் ஜிலேபித் தட்டோடு நின்று, "நம்ம குடும்பம்" என்று இந்தியில் சொன்னார். முருகேசன் வணக்கம் வைத்துவிட்டு நகர்ந்தார். கடைசியில் கை கழுவும் இடத்துக்கு வந்தார். பெண்ணின் பக்கத்தை எல்லோர் பக்கத்தையும் போலவே மெதுவாகப் படித்தார். நான் அருகில் போய் நின்றேன். சொன்ன சொல்லுக்காக அதை எடுக்கக் கையை உயர்த்தியே வைத்திருந்தேன்.

"மேடம்."

"சொல்லுங்க."

"இத்தன பேரும் குடுத்தவங்கதானா?"

"அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"அப்ப இத்தன பேருகிட்டயும் வாங்கித் தின்னது நாங்க ஒரே குடும்பந்தானா?" என்றார். குரலில் கோபமில்லை. கணக்கு உதைக்கிறதே என்கிற தொழில்முறைச் சந்தேகம் மட்டும்தான். "அவ்வளவு சாப்பிட்டும் அந்தப் பையன் ஏன் செத்தான்?"

அவரே ஊசிகளைப் பிடுங்கினார். பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். கிழித்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். ஜனனியும் அதைத்தான் நினைத்திருக்கவேண்டும், அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் சுவரின் நடுவில், 'கொடுத்து வாழ்ந்த குடும்பங்கள்' என்ற பதாகைக்கு நேர் கீழே, யானைக்குப் பக்கத்தில் அதை வைத்து நான்கு மூலையிலும் குத்தினார். குத்திவிட்டு ஓரடி பின்னால் வந்து, நேராக இருக்கிறதா என்று பார்த்தார்.

ஜோக்லேகர் சார் ஓடிவந்தார். முருகேசன் தன் பட்டறை இந்தியில் சொன்னார்: "சார், குடுக்கறவங்க இவ்வளவு பேர் வரிசையா நிக்கறாங்க. வாங்கறதுக்கு ஒருத்தராவது இங்க நிக்கட்டும். இல்லைன்னா பாவம், யாருக்குக் குடுப்பாங்க?"

சாருடைய கை சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தேடியது. மேஜை இல்லை. கொஞ்ச நேரம் பேனாவைக் காற்றிலேயே நேராக்கினார். பிறகு முகம் தெளிந்தது. "ஹான். பயனாளியும் ஒருவர் வேண்டும்தான். பேலன்ஸ் ஆகிறது. வெரி பாசிட்டிவ்" என்று சொல்லி, முருகேசனையும் ஜனனியையும் அந்தப் பக்கத்துக்கு இருபுறமும் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் பள்ளி மலரில் வந்தது. யானை பாதி வெட்டுப்பட்டிருந்தது.

சாயங்காலம், தெர்மாகோல் நிலத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தபோது அதர்வின் அம்மா என்னருகில் வந்தார். யானை கணவர் வீட்டு யானையாம். தன் பிறந்த வீட்டில் அந்தப் பஞ்சத்தில் ரோட்டுக்குக் கல் உடைத்தார்களாம். "எங்கள் வீட்டில் இப்போதும் கல்யாணத்தில் அம்மிக்கல்லைத் தவிர வேறு கல்லைப் பெண்கள் தொடமாட்டோம்" என்று மராட்டியில் சொன்னார். "எழுதிவிடாதீர்கள், டீச்சர்." சரி என்றேன். மறுநாள் காலை வகுப்பில் என் மேஜை மேல் அதர்வின் கையெழுத்தில் இரண்டாவது பக்கம் ஒன்று இருந்தது. அம்மா சொன்னதா, அவனே கேட்டதா என்று நான் விசாரிக்கவில்லை. அந்த வாரம் இன்னும் சில குதிர்கள் சத்தமில்லாமல் மூடிக்கொண்டன.

இதையெல்லாம் கீர்த்தனாவுக்குப் போனில் சொல்ல முடியுமா? வீட்டுக்கு வா என்றேன். ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சோபாவில் உட்கார்ந்ததும் போனைத் திறந்துகொண்டு, "மேடம், யந்திரத்துக்கிட்ட என்ன கேள்வி கேட்டா சரியான பதில் வரும்னு மட்டும் சொல்லிடுங்க" என்றாள்.

நான் உள்ளே போய்த் தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன்.

"ஐயோ மேடம், நான் சாப்ட்டுட்டுத்தான் வந்தேனுங்க."

"உன்னை யாரு கேட்டா?" என்றேன்.